கேட்டுக்கு வெளியே கணக்கு சார்

மணி அடித்து முதல் பாடவேளை பாதி கரைந்த பிறகும் அந்தப் பள்ளிக்கூடத்து கேட் வழியாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒற்றைத் தோளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஷூ லேஸ் தரையைப் பெருக்க, கண்காட்சி பார்க்க வந்தவர்கள் மாதிரி ஆடி அசைந்து வருவார்கள் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில், செய்தித்தாளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியபடி, அதே நிதானத்தில் ஒரு வாத்தியாரும் வருவார். பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். மாடி வராந்தாவில் நின்று இதையெல்லாம் பார்த்துப் பல்லைக் கடிக்கும் தலைமையாசிரியையின் சொந்தப் புருஷன்.

இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள். அவர் கணக்கு, அவள் பூகோளம். சேர்ந்த தேதியில் அவர் சீனியர். ஆனால் பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதும் நிர்வாகம் அவளைத்தான் கூப்பிட்டு அந்த நாற்காலியைக் கொடுத்தது. அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. ஆசிரியர் அறையில் ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்கி, "இனிமே எனக்கு வீட்டுலயும் ஹெட்மிஸ்ட்ரஸ், இங்கயும் ஹெட்மிஸ்ட்ரஸ். தப்பிக்க வழியே இல்ல" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை, தாமதம் ஆரம்பித்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மணி அடிப்பதற்குள் வகுப்பில் நிற்கிற மனுஷன்! பொறாமைதான், வேறென்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததை வாய்விட்டுக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

கேட்காமல் விட்டதன் பலன் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்தது. அவள் எந்த ஆசிரியரையாவது "ஏன் சார் லேட்?" என்று கேட்டால் போதும், அவர் வாயைத் திறக்கமாட்டார். கண் மட்டும் மெல்லப் பத்தாம் வகுப்புப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான், அவள் பேச்சை மாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். ஆசிரியர் இல்லாத வகுப்புகளில் காலையில் ஒரே கூச்சல். பேப்பர் ராக்கெட் வராந்தா வரைக்கும் பறந்து வரும். பிள்ளைகளைக் கண்டித்தால், "எங்க சாரே இன்னும் வரல மிஸ்" என்று முகத்தைப் பால் மாதிரி வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

இயற்பியல் சார்தான் ஒருநாள் போட்டு உடைத்தார். அவர் எதையும் சுற்றி வளைக்கத் தெரியாத ஆள்.

"மேடம், நீங்க எத்தனை சர்க்குலர் வேணா விடுங்க. முதல்ல யாரைக் கேக்கணுமோ அவரைக் கேக்காம எங்களைக் கேட்டா யாரு மதிப்பா?"

முகத்தில் அடித்தது போலிருந்தது. அன்று மதியம் முழுக்க அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தாள். மறுநாள் காலை கூட்டத்தில் மைக்கைப் பிடித்தாள்.

"நாளையிலேர்ந்து மணி அடிச்சதும் கேட்டைப் பூட்டிடுவோம். லேட்டா வர்றவங்க முதல் பீரியட் முடியற வரைக்கும் வெளியதான் நிக்கணும்."

பிள்ளைகள் வரிசையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதற்கு மேலே ஒரு குரல் எழும்பியது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசி வரைக்கும் கேட்கும் தொண்டை அவளுக்கு. ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் அவளை ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். தாமதமாக வருவதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது; அன்றைக்கு என்னவோ அதிசயமாக நேரத்துக்கு வந்திருந்தாள்.

"மிஸ், இந்த ரூல் டீச்சருங்களுக்கும் உண்டா மிஸ்?"

மைதானம் கப்பென்று அடங்கியது. ஆசிரியர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். கணக்கு சார் அன்றைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அது அத்தனை பேருக்கும் தெரியும். "உண்டு" என்றாள் தலைமையாசிரியை. மைக்கில் அது சரியாகக் கேட்டிருக்காதோ என்று சந்தேகம் வந்து இன்னொரு தரம் சொன்னாள். "எல்லாருக்கும் உண்டு."

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். "நல்ல ரூல்தான்" என்றார் அவர், சட்டைப் பட்டன் அறுந்ததைக் காட்டியபடி. அவள் பட்டனைத் தைத்துக்கொடுத்தாள். காலையில் வழக்கம்போல அவள் முன்னாலேயே கிளம்பினாள். அவர் வழக்கம்போல, "நீ போ, நான் பஸ்ல வரேன்" என்றார்.

மணி அடித்தது. கேட் கிறீச்சிட்டு மூடியது. பூட்டு விழுந்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

"அம்மா, ஒரு சின்ன சிக்கல்."

"என்ன?"

"சின்னது இல்லம்மா. பெருசுதான். சார் வெளிய நிக்கறாரு."

அவள் படியிறங்கி முற்றத்தைக் கடந்தபோது இரண்டு மாடி ஜன்னல்களிலும் தலைகள் குலை குலையாகத் தொங்குவதைத் திரும்பிப் பார்க்காமலே உணர்ந்தாள். கேட் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். முன்வரிசையில் ஸ்பீக்கர். அவளுக்குப் பக்கத்தில், கக்கத்தில் செய்தித்தாளோடு, கணக்கு சார்.

"குட் மார்னிங் மேடம்" என்றார்.

"மணி அடிச்சாச்சு சார்."

"கேட்டுச்சு மேடம். தெருமுனையில வரும்போதே கேட்டுச்சு."

"கொஞ்சம் வேகமா நடந்திருக்கலாம்."

"நடந்திருக்கலாம்."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாட்ச்மேன் அவள் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திற என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு அவள் நாற்காலி வெறும் மரச்சாமான். திறக்காதே என்றால் இரண்டும் இரண்டும் எத்தனை என்று சொல்லிக்கொடுக்கும் மனுஷனை ஊர் பார்க்கத் தெருவில் நிறுத்தியதாக ஆகும். முந்தின நாள் அவள் தைத்த பட்டன் கம்பிகளுக்கு நடுவிலிருந்து அவளையே பார்த்தது.

"முதல் பீரியட் முடிஞ்சதும் திறங்க" என்று வாட்ச்மேனிடம் சொன்னாள். ஜன்னல்களிலிருந்து "ஓ" என்று ஒரு மூச்சு இறங்கியது.

கணக்கு சாருக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்தது. வெளியே நின்ற பிள்ளைகளில் எவனோ களுக்கென்று சிரித்தான். அவர் திட்டப்போகிறார், இல்லை திரும்பி வீட்டுக்கே நடையைக் கட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் செய்தித்தாளைக் கேட் படியில் வைத்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நடைபாதையில் உருண்டையாக ஒரு நிழல் விழுந்திருந்தது.

"டேய், இது எதோட தலை?"

பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள். அப்புறம் நிமிர்ந்து பார்த்தார்கள். மதிலுக்கு உள்ளே, முற்றத்து மூலையில் நிற்கும் தண்ணீர் டேங்க்கின் நிழல், மதிலைத் தாண்டி வந்து தெருவில் தலைவைத்துப் படுத்திருந்தது.

"டேங்க்கு சார்!"

"எவ்வளவு உயரம் இருக்கும் அது?"

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "சும்மா அடிச்சு விடாதீங்க. ஏறாம, தொடாம, இங்க நின்னுக்கிட்டே சொல்லணும். ஸ்பீக்கர், நீ இப்படி வெயில்ல நில்லு. உன் உயரம் எவ்வளவு, உன் நிழல் எவ்வளவு? யாருகிட்டயெல்லாம் ஸ்கேல் இருக்கு, எடுங்க!"

இதற்குள் தலைமையாசிரியை பத்தாம் வகுப்புக்கு ஓடியிருந்தாள். வாத்தியாரை வெளியே பூட்டிவிட்டால் வகுப்பை யார் பார்ப்பது? பூட்டியவள்தான் பார்க்கவேண்டும். கரும்பலகையில் முந்தின நாள் கணக்கு ஒன்று பாதியில் நின்றது. அதைப் பார்த்ததுமே அவளுக்குத் தலை சுற்றியது. ஆறுகள், மலைகள் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். இயற்கணிதம் அவளுக்குப் பிறவிப் பகை. ஆனால் பிள்ளைகள் யாரும் கரும்பலகையைப் பார்க்கவில்லை. ஜன்னலில் அப்பிக்கொண்டிருந்தார்கள். உட்காருங்கள் என்று அவள் வாயெடுப்பதற்குள் மதிலுக்கு அப்பாலிருந்து கணக்கு சாரின் குரல் வந்தது. இத்தனை உற்சாகத்தோடு அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

"பத்தாம் கிளாஸ்! நாங்க செவுத்துலேர்ந்து இந்தப் பக்கம் அளக்கறோம். டேங்க் அடியிலேர்ந்து செவுரு வரைக்கும் நீங்கதான் சொல்லணும்! சீக்கிரம்! நிழல் நகருது!"

நாற்பது முகங்கள் அவள் பக்கம் திரும்பின. அத்தனை கண்ணிலும் கெஞ்சல்.

"ரெண்டு பேர் போங்க" என்றாள். "சத்தம் போடாம."

இரண்டு பேர் அம்பு மாதிரி பறந்தார்கள். அவளுக்கு ஆச்சரியம் என்னவென்றால் மிச்சப்பேர் சத்தமே போடவில்லை. அவள் சொல்லாமலே நோட்டை எடுத்தார்கள். கீழேயிருந்து ஒவ்வொரு எண்ணாக வந்து விழ, எழுதிக்கொண்டார்கள். கணக்கு போட்டார்கள். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுகிற பையன்கூடப் பென்சிலைக் கடித்துக்கொண்டு வகுத்துக்கொண்டிருந்தான். வெளியே நடைபாதையில் ஸ்கேல்கள் ஒன்றன் முனையில் ஒன்றாக நீண்டன. எதிர்ப்பக்க ஜெராக்ஸ் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து, நிழல் நுனியில் கால் வைத்துவிடாமல் போகிறவர் வருகிறவரை ஒதுக்கினார்.

"சார், செவுத்தோட தடிமன்?" என்று ஸ்பீக்கரின் தொண்டை தெருவை அதிரவைத்தது. "அதை யாரு கூட்டுவா? நிழல் அது வழியாவும்தான போகுது!"

"கூட்டு! கூட்டு! எப்படி அளப்பே?"

"கேட் பக்கத்துல செவுரு முடியுதே, அங்க அளக்கலாம் சார்!"

பாடவேளை முடிந்த மணி அடித்தபோது உள்ளே ஜன்னலிலிருந்தும் வெளியே தெருவிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரே விடையைக் கத்தினார்கள். வெளி மதிலில் அதைச் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டுத்தான் ஸ்பீக்கர் உள்ளே வந்தாள். அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அதே பேச்சு. அவ்வளவு உயரமெல்லாம் இருக்காது என்று ஒரு கட்சி. நாங்க அளந்தோம் என்று ஒரு கட்சி.

மறுநாள் காலை ஆசிரியர் அறை மணி அடிப்பதற்கு முன்பே நிரம்பிவிட்டது. சொந்தப் புருஷனையே வெளியே நிறுத்தியவள், நம்மை விடுவாளா? இயற்பியல் சார் கடைசி நிமிஷத்தில் தலைதெறிக்க ஓடிவந்து கேட்டுக்குள் குதித்தார். தலைமையாசிரியைக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மாடி வராந்தாவில் நின்றுகொண்டு, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

மணி அடித்தது. கேட் மூடியது. தெரு வெறிச்சென்று கிடந்தது. ஒரு பிள்ளைகூடத் தாமதமில்லை! அவள் திரும்பிய அந்த நொடியில்தான் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் நின்ற வேனுக்குப் பின்னாலிருந்து பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். வந்தார்கள், வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். ஒழுங்காக நேரத்துக்கு வருகிற பிள்ளைகள், வகுப்புத் தலைவர்கள், முதல் ரேங்க் வாங்குகிறவள், எல்லோரும். மணி அடிக்கும்வரை ஒளிந்திருந்து, இப்போது கையில் ஸ்கேலோடு, பூட்டிய கேட்டை நோக்கி ஊர்வலமாக வந்தார்கள். அந்த ஊர்வலத்தின் நடுவில், வெயிலில் பளபளக்கும் வழுக்கை ஒன்று. அதை அவளுக்கு எங்கே பார்த்தாலும் தெரியும்.

"நல்ல டிசிப்ளின் மேடம்" என்றார் பின்னாலிருந்து இயற்பியல் சார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இடி இடித்தது. கல்லூரியில் படிக்கும் மகள் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, டிவியையே பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஒளிஞ்சிருந்தீங்க! பிள்ளைங்களோட சேர்ந்து வேனுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தீங்க! ஒரு வாத்தியார் செய்யற வேலையா இது?"

"நான் நேரத்துக்குத்தான் வந்தேன். சொல்லப்போனா முன்னாடியே வந்தேன். பசங்கதான் கையைப் பிடிச்சு இழுத்து, சார் குனிங்க, மிஸ் பாக்கறாங்கன்னு..."

மகள் சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினாள்.

"சிரிக்காதடி! ஏங்க, நேராவே கேக்கறேன். அந்த நாற்காலி எனக்குக் கிடைச்சது உங்களுக்குப் பிடிக்கல. அதானே? அதான் என் பேரைக் கெடுக்கறீங்க."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நாற்காலியா? அதை யாரு கேட்டா? மீட்டிங், கையெழுத்து, பில்டிங் ரிப்பேரு... எனக்கு வேண்டவே வேண்டாம் சாமி." கொஞ்சம் தயங்கினார். "நீ ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன முதல் நாள் ரெண்டு பேரும் ஸ்கூட்டர்ல போனோமே, ஞாபகம் இருக்கா? கேட்ல நீ இறங்கின. வாட்ச்மேன் சல்யூட் அடிச்சாரு. பசங்க வழிவிட்டாங்க. நான் வண்டியை நிறுத்தப் போனேன். பின்னாடி ஒருத்தன் சொன்னான், டிரைவர் சார்னு."

"என்னது?"

"டிரைவர் சார். மறுநாள் முழு கிளாஸுக்கும் அதான் என் பேரு. சிரிச்சுட்டு விட்டுட்டேன். ஆனா உன்னோட சேர்ந்து வந்து இறங்கக் கால் வரல. பஸ்ல வரலாம்னா கூட்டம். ஒண்ணை விட்டு அடுத்ததுல ஏறலாம்னு டீக்கடையில உக்காந்தேன். அப்படியே பழகிப்போச்சு."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாலு மாதமாக நெஞ்சில் கல்லாகக் கிடந்தது வெறும் இரண்டு வார்த்தைதானா! சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. மகள் டிவியை அணைத்தே விட்டாள்.

"சரி, அது போகட்டும்" என்றாள் அவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப புருஷனாக் கேக்கல, வாத்தியாராக் கேக்கறேன். தெருவுல நின்னு நடத்தினீங்களே, அந்த மாதிரி உள்ள நடத்தி நான் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "எனக்கே தெரியல" என்றார். "உள்ள போர்ஷன் முடிக்கணும். எழுதிப்போடறேன், பாத்து எழுதறாங்க. வெளிய அந்த நிழலைப் பாத்ததும் என்னவோ வேலைக்குச் சேர்ந்த புதுசு மாதிரி இருந்துச்சு. கை பரபரன்னு ஆயிடுச்சு. இன்னிக்கு அந்தப் பசங்க கேட்ட கேள்வியெல்லாம்... அடேயப்பா!"

அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு அது பொறி தட்டியது.

மறுநாள் காலை கூட்டத்தில் மறுபடி மைக்.

"கேட்டைப் பூட்டினது நான் செஞ்ச தப்பு. பிள்ளைங்களை ரோட்டுல நிறுத்தியிருக்கக் கூடாது. இனிமே கேட் பூட்டமாட்டோம்." பிள்ளைகளின் முகம் தொங்கிப்போனது. கேட்டைத் திறந்துவிட்டதற்காக மாணவர்கள் சோகப்பட்ட பள்ளிக்கூடம் அது ஒன்றாகத்தான் இருக்கும். "லேட்டா வர்றவங்க நேரா என் ரூமுக்கு வந்து, எனக்கு எதிர்ல உக்காந்து படிக்கணும். அப்புறம் இன்னொண்ணு. டேங்க் கணக்கு இனிமே முற்றத்துல நடக்கும். மணி அடிக்கறதுக்கு முன்னாடி. மணி அடிச்சதும் முடிஞ்சிடும். நாளைக்கு உண்மையான டேப் வெச்சு டேங்க்கை மேலேர்ந்து கீழ அளந்து பாக்கப்போறோம். விடை சரியா தப்பான்னு தெரிஞ்சுக்கணும்னா சீக்கிரம் வாங்க."

ஸ்பீக்கர் கை தூக்கினாள். "சார் சீக்கிரம் வருவாரா மிஸ்?"

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. ஆசிரியர் வரிசையின் கடைசியில் நின்ற கணக்கு சாரும் சிரித்தார். "வருவேன்" என்றார்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது முற்றம் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. வெயில் இன்னும் மதில்மேல்தான் உட்கார்ந்திருந்தது. டேங்க் அடியில் பிள்ளைகள் கும்பல் கும்பலாக நின்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோற்றவர் ஜெயித்தவரின் பையை ஒரு வாரம் சுமக்கவேண்டும். ஸ்பீக்கர் எல்லோருக்கும் முன்னால், தலைகூடச் சரியாக வாராமல் நின்றாள். வேடிக்கை பார்க்க ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் இருந்தார்கள், கணக்கு சாரைத் தவிர.

அவர் அவளுக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தார். டேப் வாங்கிக்கொண்டு நேராக வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். அவள் கேட்டைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்டைப் பார்த்தாள். டீக்கடையைக் கடக்கும்போது கால் தானாக நின்றிருக்குமோ? யாரோ, "சார் பஸ்ஸை விட்டுட்டாரு போல" என்றதும் ஒரு சிரிப்பலை கிளம்பியது. இயற்பியல் சார் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. வாட்ச்மேன் மணிக்கயிற்றின் பக்கத்தில் போய் நின்று, என்ன செய்யட்டும் என்று அவளைக் கண்ணால் கேட்டார்.

"நேரம் ஆனா அடிங்க" என்றாள். "யாருக்காகவும் நிறுத்த வேண்டாம்."

சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் டர்ரென்று ஒரு சத்தம். கட்டட மேஸ்திரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் கேட் வரைக்கும் சீறிக்கொண்டு வந்தது. பின்சீட்டில் கணக்கு சார். கழுத்தில் பாம்பாட்டி மாதிரி நீளமான அளவு டேப், சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி.

"ரெண்டு சைட் அலைஞ்சேன்!" என்று வண்டி நிற்பதற்குள் குதித்து உள்ளே ஓடிவந்தார். "முதல் ஆள்கிட்ட இருந்த டேப் டேங்க்கோட இடுப்பு வரைக்கும்கூட வராது! நேரம் இருக்கா? இன்னும் நேரம் இருக்கா?"

"இருக்கு சார்!" என்று முற்றமே கத்தியது.

வாட்ச்மேன்தான் வாராவாரம் டேங்க்கில் ஏறித் தண்ணீர் பார்க்கிறவர். டேப்பின் ஒரு முனையை இடுப்பில் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் விறுவிறுவென்று ஏறினார். கீழே அத்தனை தலையும் அண்ணாந்தது. டேப் காற்றில் வளைந்து, நெளிந்து, கடைசியில் நேராகத் தொங்கியது. அடியில் ஸ்பீக்கர் மண்டியிட்டு அதைத் தரையோடு அழுத்திப் பிடித்து எண்ணைப் படித்தாள். படித்தவளுக்குச் சத்தமே வரவில்லை. அந்தத் தொண்டையிலிருந்து சத்தம் வராதது அதுதான் முதல் தடவை.

"என்ன? சொல்லு!"

"குறையுது சார்" என்றாள். "ஒரு ஸ்கேல் நீளம் குறையுது."

ஒரு கட்சி ஓவென்று ஆர்ப்பரித்தது. இன்னொரு கட்சிக்கு முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை ஸ்கேல், இத்தனை கூட்டல், மதில் தடிமன் உட்பட எதையும் விடாமல் போட்ட கணக்கு தப்பா? எல்லோரும் கணக்கு சாரைப் பார்த்தார்கள். அவருக்குத் தெரிந்திருந்தது என்று தலைமையாசிரியை அவர் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள். விடையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியிருந்தார்.

"எனக்கென்ன தெரியும்?" என்றார். "அளந்தது நீங்க. எங்க போச்சு அந்த ஒரு ஸ்கேல்? கண்டுபிடிங்க. மணி அடிக்கப் போகுது!"

அப்புறம் அங்கே நடந்தது ஒரு திருவிழாக் கூட்டத்தின் அமளி. மதில் ஓரத்துக்கு ஓடினார்கள், மறுபடி அளந்தார்கள், நோட்டுகளைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாள், நிழல் நுனி இருந்த இடத்தில் நின்றாள், உள்ளே பார்த்தாள். திரும்பி உள்ளே வர ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தவள் அப்படியே உறைந்தாள்.

"படி!" என்று அலறினாள். எதிர்ப்பக்கக் கடைக்காரர் கையிலிருந்த பேப்பரைக் கீழே போட்டுவிட்டார். "படி சார்! கேட்ல ரெண்டு படி இருக்கு! தெரு பள்ளம், முற்றம் மேடு! நிழல் நுனி பள்ளத்துல இருந்துச்சு. நாம டேங்க்கை மட்டும் அளக்கல, படியையும் சேர்த்து அளந்துட்டோம்!"

யாரோ ஸ்கேலோடு பாய்ந்து போய் இரண்டு படிகளையும் அளந்தார்கள். சரியாக ஒரு ஸ்கேல்! கத்திய கத்தலில் டேங்க்மேல் உட்கார்ந்திருந்த காக்கைகள் பறந்தன. வாட்ச்மேன் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். கணக்கு சார் ஸ்பீக்கரைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். இரண்டு கட்சிக்காரர்களும் யார் பையை யார் சுமப்பது என்று தெரியாமல் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். தலைமையாசிரியை தானும் குதித்ததை, செருப்பு ஒன்று கழன்று போன பிறகுதான் கவனித்தாள்.

மணியடிக்க ஆளில்லை, வாட்ச்மேன் இன்னும் மேலேதான் இருந்தார். அவளே போய்க் கயிற்றை இழுத்தாள். முதல் அடி விழுந்ததுமே கூட்டம் கலைந்து வகுப்புகளுக்கு ஓடியது. இரண்டாவது அடிக்கு முற்றத்தில் ஒரு பிள்ளை இல்லை. ஒரு ஆசிரியரும் இல்லை.

முன்னதைவிடப் பெரிய தலைவலி அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அந்த வாரக் கடைசியில் இயற்பியல் சார் அவள் அறைக்குள் புயல் மாதிரி நுழைந்தார். பின்னாலேயே கணக்கு சார்.

"மேடம், இது நியாயமா? காலை முற்றம் இவருக்கு மட்டும் பட்டாவா? எனக்கு புதன்கிழமை வேணும். ஊஞ்சல் கட்டி ஒண்ணு செஞ்சு காட்டறேன்னு பிள்ளைங்ககிட்ட வாக்கு குடுத்துட்டேன்."

"புதன்கிழமை நான் வட்டம் வெச்சிருக்கேன்" என்றார் கணக்கு சார். "சைக்கிள் சக்கரமெல்லாம் சொல்லி வெச்சாச்சு. வேணும்னா வியாழக்கிழமை எடுத்துக்கச் சொல்லுங்க மேடம்."

"வியாழக்கிழமை உயிரியல் மிஸ் கேட்டிருக்காங்க!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மணிக்கு முன்னால் வருவதற்குச் சண்டை போடும் வாத்தியார்களை எப்படிச் சமாதானப்படுத்துவது என்று எந்த சர்க்குலரிலும் போட்டிருக்கவில்லை. அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. மேஜைக்கு அடியில் ஒரு பெரிய உலக உருண்டையைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து பார்த்தால் பூமி எவ்வளவு தூரம் வரை தெரியும் என்று பிள்ளைகளிடம் கேட்கப்போகும் கேள்வியைக்கூட யோசித்தாகிவிட்டது.

"ரெண்டு பேரும் முதல்ல உக்காருங்க" என்றாள். "புதன்கிழமையை நான் எடுத்துக்கிட்டேன்."